இரு தேசிய அணிகளும் ஒரே வாதமும்: புதுச்சேரியிலிருந்து கால்பந்துப் பயிற்சியாளர் விவாதத்தை நோக்குதல்

ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவும் பிரான்சும் இரண்டே முறை மோதியுள்ளன. 1948 ஜூலை 31 அன்று லண்டனை அடுத்த இல்ஃபோர்டில் பிரான்சு 2-1 என வென்றது. சாரங்கபாணி ராமன் அன்று அடித்தது விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் கோல். இந்தியா இரண்டு பெனால்டிகளை வீணாக்கியதும் அதே ஆட்டத்தில்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பி. கே. பானர்ஜி இந்தியாவுக்கு முன்னிலை தந்தார். முடிவு நெருங்கும் வேளையில் பிரான்சு சமன் செய்ய, ஆட்டம் 1-1 என முடிந்தது. முதல் ஆட்டத்தின்போது புதுச்சேரி பிரெஞ்சு மண். இரண்டாவதன்போது நிர்வாகம் 1954 நவம்பர் 1 முதல் இந்தியாவிடம் இருந்தது. சட்டப்படியான மாற்றமோ 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது. இவ்வூர் எந்த நாட்டுக்குரியது என்ற கேள்வி முடியாதிருந்த ஆண்டுகளிலேயே இரு ஆட்டங்களும் நடந்துவிட்டன.

1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம், உரிமை மாற்றம் நடைமுறைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள வழிவிட்டது. அப்படி எழுதிக் கொடுத்தவர்களின் வழித்தோன்றல்களும், இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற ‘சொல்தா’க்களின் குடும்பத்தாரும் இன்றும் பிரான்சின் தேர்தல்களில் இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள். ஒரே குடும்பத்துக்குள் இருவேறு கடவுச்சீட்டுகள் இருப்பது புதுச்சேரியில் யாருக்கும் வியப்பில்லை. இந்தத் தொடர்பைக் கடற்கரையோர மஞ்சள் சுவர்களில் மட்டும் தேடுவது சுற்றுலாக்காரரின் பார்வை. பழைய நகரைச் சுற்றிய புல்வார் சாலைக்கு வெளியே, தொழிற்பேட்டையை ஒட்டி வளர்ந்த தட்டாஞ்சாவடியில் நின்று பார்த்தால் அந்தச் சுவர்கள் கண்ணில் படுவதில்லை. எஞ்சுவது ‘நம் அணி’ எது என்ற கேள்வியும் அது ஆடும் விதம் பற்றிய வழக்கும்.

இரு அணிகளைப் பற்றியும் கேட்கும் குறை ஒன்றுபோலவே ஒலிக்கிறது: தற்காப்பிலேயே பதுங்குகிறார்கள், பந்தைக் காலில் வைத்து ஆடவில்லை, பயிற்சியாளரை மாற்ற வேண்டும். இந்த ஒற்றுமை ஏமாற்றுவது என்பதே என் வாதம். ஆடும் விதத்துக்குப் பயிற்சியாளரைப் பொறுப்பாக்குவது, தேர்ந்துகொள்ள அவர் கையில் ஏதாவது இருக்கும்போது மட்டுமே நியாயம். பிரான்சின் பயிற்சியாளருக்கு அது கொட்டிக் கிடக்கிறது. இந்தியப் பயிற்சியாளருக்கு இல்லை.

பிரெஞ்சு வழக்கு பழையது. 1982இல் செவில் நகரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில், பிளாத்தினியும் ஜிரெஸ்ஸும் தீகானாவும் ஆடிய அணி மேற்கு ஜெர்மனியிடம் 3-3 சமனுக்குப் பின் பெனால்டியில் தோற்றது. அழகாக ஆடித் தோற்பது என்ற கசப்பின் பெயராகவே செவில் நிலைத்துவிட்டது. 1998இல் பயிற்சியாளர் எமே ஜாக்கே கோப்பையை வென்றார். ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில் ‘லெக்கிப்’ நாளேடு அவரைத் துளைத்தெடுத்திருந்தது. அந்த அணியின் தலைவர் திதியே தெஷாம் 2012இல் பயிற்சியாளரானபோது, அழகைவிட வெற்றியே முதன்மை என்ற ஜாக்கேயின் பாடம் அவரோடு வந்தது. 2018 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பந்து பெரும்பாலும் குரோஷியாவிடமே இருந்தது; பிரான்சு 4-2 என வென்றது. முன்களத்தில் நின்ற ஒலிவியே ஜிரூ அத்தொடர் முழுவதும் இலக்கை நோக்கி ஒரு ஷாட்டும் அடிக்கவில்லை. அவரை மாற்றச் சொல்லிக் குரல்கள் எழுந்தும் தெஷாம் அசையவில்லை. எதிரணித் தடுப்பாளர்களைத் தன்மேல் இழுத்து எம்பாப்பேக்கும் கிரீஸ்மானுக்கும் வெளி திறப்பதே ஜிரூவுக்கு இட்ட வேலை. ஆறு ஆண்டுகள் கழித்து யூரோ 2024இல் அதே கணக்கு பிழைத்தது. அரையிறுதி வரையிலான ஐந்து ஆட்டங்களில் பிரான்சுக்குக் கிடைத்தவை எதிரணியினர் தம் வலைக்குள்ளேயே போட்டுக்கொண்ட இரண்டு கோல்களும் எம்பாப்பேயின் ஒரு பெனால்டியும்தான். ஸ்பெயினுக்கு எதிரான அரையிறுதி நமக்கு நள்ளிரவு தாண்டி 12.30க்குத் தொடங்கியது; அதில் கோலோ முவானி தலையால் முட்டிய கோலே அத்தொடரில் ஓடும் ஆட்டத்தில் பிரான்சுக்காரர் அடித்த முதல் கோல். தோல்வி 1-2.

இங்கே ரசிகரின் சினம் சரியான முகவரிக்கே போகிறது. தெஷாம் வளர்ந்தது நாந்த் கழகத்தின் இளையோர் பள்ளியில். விரைந்த பாஸ்களுக்கும் ஓயாத இடமாற்றத்துக்கும் பிரான்சிலேயே பெயர்போன பள்ளி அது. எழில் தெரியாமல் அல்ல, தெரிந்தே அவர் அதை ஒதுக்கினார். ஆட்டம் சலிப்பூட்டினால் வேறு எதையாவது பார்க்கலாம் என்ற பொருள்பட அந்த யூரோவின்போதே அவர் பதில் சொன்னதும் இந்தத் தெளிவிலிருந்துதான். 2026 உலகக் கோப்பையோடு விலகுவதாக 2025 ஜனவரியில் அறிவித்தார். அவர் செய்தது ஒரு தெரிவு. அதை மறுக்க ரசிகருக்கு முழு உரிமை உண்டு.

இந்தியாவுக்கு வருவோம். ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் நேரடியான, உடல்வலு சார்ந்த ஆட்டத்தை நம்பினார். 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என வென்றும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. பந்தை வைத்து ஆடப்போவதாகச் சொல்லி இகோர் ஸ்டிமாச் வந்தார். 2023இல் தெற்காசியப் பட்டமும் வந்தது, தரவரிசையில் 99ஆம் இடமும் வந்தது. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. ஒரு கோல்கூட இல்லை. குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 எனத் தோற்ற பின், அந்த ஜூனில் அவரை நீக்கினார்கள். எஃப்.சி. கோவாவையும் சேர்த்துக் கவனித்த மனோலோ மார்க்கெஸ் எட்டு ஆட்டங்களில் ஒன்றை மட்டும் வென்றார். கட்டுக்கோப்பான தற்காப்புக்குப் பெயர்பெற்ற காலித் ஜமீல் 2025 ஆகஸ்டில் பொறுப்பேற்றார். அக்டோபரில் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்றதோடு 2027 ஆசியக் கோப்பைக் கனவு முடிந்தது. எதிரெதிரான ஆட்டமுறைகள், ஆனால் பற்றாக்குறை ஒன்றே: கோல் அடிக்க ஆள் இல்லை. ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், 40 வயதில், திரும்ப அழைக்க வேண்டியிருந்தது என்பதைவிட வேறு சான்று தேவையில்லை.

அந்தப் பற்றாக்குறையைப் பயிற்சியாளர்கள் உண்டாக்கவில்லை. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கிய 2014 முதல் 2024-25 வரை ஒவ்வொரு பருவத்திலும் அதிக கோல் அடித்தவர் வெளிநாட்டவரே. கழகங்கள் நடு முன்களத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு இந்திய இளைஞரை ஓரங்களுக்குத் தள்ளுகின்றன. வாரந்தோறும் கழகத்தில் ஆடாத இடத்தில், சில நாள் முகாமுக்குப் பின் நாட்டுக்காக ஆடச் சொன்னால் எந்த ஆட்டமுறை நிற்கும்? வெளியிலிருந்து ஆள் சேர்க்கவும் வழி குறுகல். இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதவர் இந்தியாவுக்கு ஆட முடியாது என்பது அரசின் கொள்கை. அதைத் தளர்த்தச் சொல்லி ஸ்டிமாச் பலமுறை கேட்டும் பயனில்லை. 2025இல் ராயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்தே இந்தியரானார். பாரிஸ் புறநகரில் பிறந்து பந்து பழகும் புதுச்சேரிக் குடும்பத்துப் பிள்ளைக்கும் இதே நிபந்தனைதான். தாத்தா எழுதிக் கொடுத்துக் காத்த குடியுரிமையைப் பேரன் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். வசதி ஏதுமற்ற காலத்தில் அவர் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் 1962 ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கமும் பெற்றுத் தந்தார்.  அப்படியானால் நல்ல பயிற்சியாளர் ஒருவர் போதாதா? ரஹீமின் மேதைமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அவர் ஹைதராபாத் நகரக் காவல் அணியையும் தம் கையில் வைத்திருந்தவர். 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ரோவர்ஸ் கோப்பைகளை அந்த அணி வென்றது. தாம் நாட்டுக்குக் கற்பிக்க நினைத்ததை ஆண்டு முழுவதும் கழகத்தில் பழக்க முடிந்தது. இந்தியக் கழகங்களில் கோலடிக்கும் பொறுப்பும் அன்று பெரும்பாலும் இந்தியர்களிடமே இருந்தது. ரஹீமை முன்னுதாரணமாகக் காட்டுபவர்கள் அவருக்கிருந்த அந்த அதிகாரத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் இந்தியா வங்கதேசத்திடம் 0-1 எனத் தோற்றது. 2003க்குப் பின் அந்த அணியிடம் முதல் தோல்வி. வழக்கம்போல ஜமீலின் ஆட்டமுறைமீது பேச்சு திரும்பியது. அதே மாதத்தில் ஐ.எஸ்.எல். இன்னும் தொடங்காமல் கிடந்தது. அதன் வணிக உரிமைக்கு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு விட்ட ஏலத்தில் ஒருவர்கூடக் கேட்க முன்வரவில்லை. தெஷாமை விமர்சிக்கும் அதே கூர்மையோடு தட்டாஞ்சாவடி ரசிகர் இந்தியாவைப் பற்றிப் பேசுவது நல்லதே. ஆனால் அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஜமீலிடம் அல்ல, லீக் நாள்காட்டியை வகுப்பவர்களிடமும் வெளிநாட்டு வீரர் ஒதுக்கீட்டை முடிவு செய்பவர்களிடமும்: அடுத்த பருவத்தில் எத்தனை கழகங்களில் நடு முன்களத்தில் இந்தியர் ஆடப்போகிறார்?