ஓட்டுக் கணக்கு இல்லாத ஒரு சட்டம்

கேளம்பாக்கம் திருப்போரூர் சட்டமன்றத் தொகுதியில் வருகிறது. அந்தச் சட்டமன்றத் தொகுதி காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதிக்குள் அடக்கம். இந்த ஊர் வாக்காளர் ஒருவர், "2020-ல் கருக்கலைப்புச் சட்டத் திருத்தம் மக்களவைக்கு வந்தபோது நம்ம எம்.பி. எப்படி ஓட்டுப் போட்டார்?" என்று தேடினால் பதில் கிடைக்காது. யாரும் மறைக்கவில்லை. அப்படி ஒரு கணக்கே எழுதப்படவில்லை! பக்கத்தில் தாம்பரத்துக்காரர் (அவருக்கு ஸ்ரீபெரும்புதூர் தொகுதி) தேடினாலும் இதே கதைதான்.

வெளிநாட்டில் நிலைமை வேறு. பிரிட்டனில் டேவிட் ஸ்டீல் என்ற இளம் எம்.பி. கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1967-ம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் ஆனது. 1966 ஜூலையில் அதன் இரண்டாம் வாசிப்பில் ஆதரவு 223, எதிர்ப்பு 29. கட்சிக் கட்டுப்பாடு இல்லை, அவரவர் மனசாட்சிப்படி ஓட்டு. ஆதரித்தவர்களில் கன்சர்வேடிவ் கட்சியின் மார்கரெட் தாட்சரும் ஒருவர். கட்சியை மட்டும் வைத்து ஊகித்திருந்தால் தப்பாகப் போயிருக்கும்.

அமெரிக்காவில் ஜோ பைடன் 1982-ல் செனட் நீதிக் குழுவில், கருக்கலைப்பு உரிமையைக் குறைக்க வழிசெய்யும் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். 1983-ல் அதே விஷயம் செனட் சபைக்கு வந்தபோது எதிர்த்தார். அவர் மனம் மாறியதை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது அந்த ஓட்டுப் பதிவுதான்.

சரி, நம்ம ஊரில் ஏன் இல்லை?

நம் நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்பார்கள், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்பார்கள். எந்தச் சத்தம் பெரிது என்று அவைத்தலைவர் அறிவிப்பார். அதை ஏற்காத உறுப்பினர் 'டிவிஷன்' கேட்டால்தான் ஒவ்வொருவர் ஓட்டும் பெயரோடு பதிவாகும். கேட்கவில்லை என்றால் 'மசோதா நிறைவேறியது' என்ற ஒரு வரி மட்டும் மிஞ்சும்.

இதைப் புரிந்துகொள்ள இந்தச் சட்டத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 312-ம் பிரிவில், கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. தாயின் உயிரைக் காப்பாற்றச் செய்தால் மட்டும் விலக்கு. மற்றபடி 3 ஆண்டு வரை சிறை, கரு வளர்ந்த நிலை என்றால் 7 ஆண்டு வரை. கலைத்தவருக்கு மட்டுமல்ல, தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் இதே தண்டனை. சட்டம் இப்படி இருந்ததால் கருக்கலைப்பு நின்றுவிடவில்லை, மறைவிடத்துக்குப் போனது. 1964-ல் மத்திய அரசு மகாராஷ்டிர அமைச்சர் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைத்தது. 50 கோடி மக்கள்தொகைக்கு ஆண்டுக்குச் சுமார் 39 லட்சம் கருக்கலைப்புகள் செயற்கையாக நடக்கின்றன என்று அந்தக் குழு மதிப்பிட்டது. 1966 கடைசியில் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி அறிக்கை கொடுத்தது.

அறிக்கையைச் சட்டமாக்க முனைந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் எஸ். சந்திரசேகர். (நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி சந்திரசேகர் வேறு, இவர் வேறு!) ராஜமுந்திரியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த மக்கள்தொகையியல் அறிஞர். பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். 1967-ல் இந்திரா காந்தி அமைச்சரவையில் சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாட்டுத் துறைக்கு வந்தார். கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் ஆண்களுக்கு டிரான்சிஸ்டர் ரேடியோ தரலாம் என்ற பிரபலமான யோசனை இவருடையதுதான். இவர் அமைச்சகத்தில் இருந்த காலத்தில், 1969-ல், கருக்கலைப்பு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது.

1970 டிசம்பரில் மக்களவை கலைக்கப்பட்டது. ஆனால் மாநிலங்களவையில் நிலுவையில் இருக்கும் மசோதா, மக்களவை கலைந்தாலும் காலாவதி ஆகாது. அதனால் இந்த மசோதா தப்பித்தது. 1971-ல் இரு அவைகளும் பெரிய எதிர்ப்பு இல்லாமல் நிறைவேற்ற, ஆகஸ்ட் 10-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. 1972 ஏப்ரல் 1 முதல் சட்டம் அமலுக்கு வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. சந்திரசேகரின் மாநிலங்களவைப் பதவிக்காலம் 1970-லேயே முடிந்துவிட்டது. இந்தச் சட்டத்துக்காக இவ்வளவு உழைத்தவர், அது நிறைவேறிய நாளில் அவையிலேயே இல்லை. ஓட்டை மட்டும் கணக்குப் பார்த்தால் அவர் பெயருக்கு எதிரே ஒன்றும் இருக்காது.

ஓட்டுப் பதிவு ஒன்றே போதாது என்பதற்கும் இவரே உதாரணம். அவர் 'ஆம்' என்று ஓட்டுப் போட்டிருந்தாலும், எதற்காக ஆதரித்தார் என்று அது சொல்லாது. 1974-ல் கருக்கலைப்பு பற்றி அவர் எழுதிய நூலின் தலைப்பிலேயே 'நெரிசலான உலகம்' வந்துவிடுகிறது. மக்கள்தொகைப் பெருக்கம் அவருடைய வாழ்நாள் கவலை. அந்தக் காலத்தில் இந்த விவாதத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் பேசியது மக்கள்தொகையையும் பெண்களின் ஆரோக்கியத்தையும் பற்றித்தான். 'இது பெண்ணின் முடிவு' என்ற குரல் மிகக் குறைவு. 1971 சட்டத்திலும் அது தெரிகிறது. 12 வாரம் வரை ஒரு மருத்துவர், 20 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் சரி என்று சொல்ல வேண்டும். கருத்தடை சாதனம் தோற்றுப்போனது என்ற காரணம் திருமணமான பெண்ணுக்கு மட்டுமே செல்லும். பெண் கேட்கலாம், முடிவு மருத்துவருடையது!

50 ஆண்டு கழித்து வந்த திருத்தம் இதில் சிலவற்றை மாற்றியது. சில பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரை அனுமதி. 'கணவர்' என்ற சொல்லுக்குப் பதில் 'துணைவர்'. கருவில் கடுமையான குறைபாடு என்றால் 24 வாரத்துக்குப் பிறகும் மருத்துவக் குழு முடிவு செய்யலாம். ஆனால் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு 24 வாரம் தாண்டிவிட்டால் நீதிமன்றப் படி ஏறுவதுதான் வழி. மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பி இன்னும் ஆராய வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் மாநிலங்களவையில் கேட்டார்கள். அந்தக் கோரிக்கையும் குரல் வாக்கெடுப்பில்தான் தோற்றது. 2020 மார்ச் 17-ல் மக்களவையிலும், 2021 மார்ச் 16-ல் மாநிலங்களவையிலும் மசோதா குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறியது.

இன்று நீதிமன்ற வாசலில் நிற்கும் ஒரு பெண், "இப்படி எழுதியதற்கு யார் கை தூக்கினார்கள்?" என்று கேட்டால், பெயர் சொல்ல ஆளில்லை.

"பெயர் பதிவானால் மட்டும் என்ன? 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா சொன்னபடிதானே ஓட்டு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கட்சி உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். ஆனாலும் பதிவுக்கு மதிப்பு உண்டு. 2023 செப்டம்பர் 20-ல் பெண்கள் இட ஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியது. அரசியல் சட்டத் திருத்தம் என்பதால் எண்ணியே ஆக வேண்டும். எதிர்த்த இருவர் ஒவைசியும் இம்தியாஸ் ஜலீலும் என்று நாட்டுக்கே தெரியும். தங்கள் நிலைக்கு அவர்கள் காரணம் சொன்னார்கள், மக்களும் கேட்டார்கள். ஜனநாயகத்தில் இவ்வளவுதானே வேண்டும்?

வவுச்சர் இல்லாத செலவை எந்த ஆடிட்டரும் ஏற்க மாட்டார். செலவு நியாயமானதாகவே இருக்கலாம், ஆனால் நிரூபிக்க முடியாது. 1971 சட்டமும் 2021 திருத்தமும் பல பெண்களின் உயிரைக் காத்த நல்ல காரியங்கள்தான். அந்த நல்லதுக்கு யாருக்கு நன்றி சொல்வது, அதில் விட்டுப்போனதற்கு யாரைக் கேட்பது என்பதற்குத்தான் சீட்டு இல்லை.

ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து டிவிஷன் கேட்டு, அதில் உறுதியாக நின்றால் அந்தச் சீட்டு கிடைத்துவிடும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம் ரோடு, தண்ணீரோடு இதையும் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம்.