முடிவெடுப்பவர்கள்: டாப் ஸ்டேஷன் கயிற்றுப் பாதையிலிருந்து பெம்பிளை ஒருமை வரை

சிலமலையில் விடிவதற்கு முன்பே ஜீப் வந்துவிடும். போடிமெட்டு ஏறிப் பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு நிற்பார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறோம், இன்றைக்குக் காய் எடுப்பா கவாத்தா, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எதுவும் அவர்கள் முடிவு செய்தவையல்ல. ஜீப்காரர் சொல்லுவார். அவருக்கு மேஸ்திரி சொல்லியிருப்பார், மேஸ்திரிக்கு முதலாளி. முதலாளிக்குச் சொல்வது ஏலச் சந்தை. இப்படி ஒரு முடிவு மலையிலிருந்து இறங்கிவந்து கடைசியில் ஹாரன் சத்தமாக மாறுகிறது.

‘வியூக மேலாண்மை’ என்று இன்று கல்லூரிகளில் சொல்லித்தரப்படும் துறைக்கு இந்த ஹாரன் சத்தம் கேட்காது. அது போர்க்களத்திலிருந்து சொல்லை எடுத்துக்கொண்ட துறை. ஆல்பிரட் சாண்ட்லர் 1962-ல் எழுதிய புகழ்பெற்ற நூல் டூபாண்ட், ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டாண்டர்டு ஆயில், சியர்ஸ் என நான்கு அமெரிக்கக் கம்பெனிகளை வைத்து, முதலில் வியூகம், அதற்கேற்பத்தான் அமைப்பு என்று வாதிட்டது. அவருக்கு முன்பே, 1947-ல், ஹெர்பர்ட் சைமன் வேறொன்றைச் சொல்லியிருந்தார். முடிவெடுப்பவன் எல்லாம் அறிந்தவன் அல்ல. தன் மேசைக்கு வந்து சேரும் தகவல்களை வைத்துப் ‘போதும்’ என்று படுகிற ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறவன், அவ்வளவுதான். இதற்குப் பிற்பாடு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் மேசைக்கு எது வரும், எது வராது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியை நாம்தான் கேட்டாக வேண்டும். கேட்பதற்கு வசதியான இடம் அமெரிக்கா அல்ல, நம் தலைக்கு மேலேயே இருக்கிற கண்ணன் தேவன் மலை.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து இந்த மலையைக் குத்தகைக்கு வாங்கினார். பின்னாளைய கணக்கில் 1,37,000 ஏக்கருக்கும் மேல். மலைமேல் வாழ்ந்த முதுவர்களின் இரு தலைவர்களது பெயரே மலைக்கும் பிறகு கம்பெனிக்கும் ஆனது என்பார்கள். பெயர் கொடுத்தவர்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களல்ல. சிங்கோனா, காபி என்று பார்த்துவிட்டுத் தேயிலையில் வந்து நின்றார்கள். 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவானபோது, அதன் பின்னால் இருந்தது கிளாஸ்கோவின் ஜேம்ஸ் பின்லே. மேசை கிளாஸ்கோவில், கை மூணாற்றில்.

தேயிலையை மலையிலிருந்து எப்படி இறக்குவது என்பதுதான் அன்றைய வியூகப் பிரச்சினை. 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாட்டை வைத்து வண்டியை இழுத்தார்கள். 1908-ல் அது சிறு ரயிலாகியது. டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கோட்டகுடிக்குக் கயிற்றுப் பாதை, கோட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியில் போடி. குரங்கணிப் பக்கத்துக்காரர்களுக்கு இன்றைக்கும் அது ‘பாட்டம் ஸ்டேஷன்’தான். 1924 பெருவெள்ளம், மலையாளிகள் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பது, ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. கம்பெனி அதைத் திரும்பப் போடவில்லை. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. போட்ட பணத்துக்காக அழுதுகொண்டிராமல் வேறு வழி பார்த்தார்கள் என்று ஒரு மேலாண்மைப் பேராசிரியர் இதைப் பாராட்டலாம். பாராட்டட்டும்.

நமக்கு உறுத்துவது வேறு. தேயிலைப் பெட்டி கயிற்றில் தொங்கிக்கொண்டு சுகமாக இறங்கியது; ஆட்கள் மலையேறியது காலால். போடிப் பக்கமிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போன குடும்பங்கள் பிள்ளைகளையும் பாத்திரங்களையும் சுமந்து ஏறின. பொருளுக்கு ஒரு தொழில்நுட்பம், மனிதருக்கு ஒரு தொழில்நுட்பம். மனிதருக்கான தொழில்நுட்பத்தின் பெயர் கங்காணி. அவர் ஆள் பிடிப்பவர் மட்டுமல்ல, தகவல் வழியும் அவரே. துரைக்குத் தொழிலாளி தெரிவது கங்காணி சொல்லும் தலைக்கணக்காக. தொழிலாளிக்குத் துரை தெரிவது கங்காணி கழித்துக்கொண்ட கடன் போக மிஞ்சிய காசாக. சைமனின் ‘போதுமான தகவல்’ இங்கே ஒரு மனிதனாக நின்றுகொண்டிருக்கிறது. பிரசவமும் காய்ச்சலும் அவரைத் தாண்டி மேசைக்குப் போகவில்லை. போகக் கூடாது என்பதும் அமைப்பின் ஒரு பகுதிதான்.

கங்காணி போனபின் அந்த இடம் காலியாகவா இருந்தது? 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, மருத்துவம், பிள்ளைக்காப்பகம் எல்லாம் எழுத்தில் வந்தன. சங்கங்கள் வளர்ந்தன. சும்மா வளரவில்லை, 1958-ல் கம்யூனிஸ்டுகளின் ஆட்சியிலேயே மூணாறு வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். சங்கம் பெற்றுத்தந்தவற்றை மறுத்துப் பேசுவது நன்றிகெட்டதனம். ஆனாலும் காலப்போக்கில் சங்கத் தலைவர் உட்கார்ந்தது கங்காணி எழுந்துபோன அதே நாற்காலியில்தான் என்று சொல்லவேண்டியிருக்கிறது. கொழுந்து கிள்ளுவது பெண்கள், பேச்சுவார்த்தைக்குப் போவது ஆண்கள். கிள்ளுகிறவர்கள் தமிழர்கள், மாநிலத் தலைமை மலையாளத்தில். 1971-ல் கேரள அரசு சட்டம் போட்டு நிலத்தை மீட்டது. மீட்ட நிலத்தில் ஏறக்குறைய 57,000 ஏக்கர் கம்பெனியிடமே இருந்தது. தலைமுறைகளாக உழைத்தவர்களின் பேருக்கு ஒரு சென்ட் எழுதலாம் என்பது எந்த மேசையிலும் முடிவாக வரவில்லை.

இனி 2005. டாடா நிறுவனம் 1964-லேயே பின்லேயோடு கைகோத்து, 1983-ல் டாடா டீ என்று ஆகியிருந்தது. 2000-ல் அது இங்கிலாந்தின் டெட்லியை 27 கோடி பவுண்டுக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கியது. இதுதான் உண்மையான வியூக முடிவு. தேயிலையில் லாபம் செடியில் இல்லை, பெயரில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்ட முடிவு. அப்புறம் மலை எதற்கு? தேயிலை விலை விழுந்துகிடந்த காலம் அது. பீர்மேட்டில் தோட்டங்கள் பூட்டப்பட்டு லயன் வீடுகளில் பட்டினி. அந்தச் சூழலில் 2005 ஏப்ரலில் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனி உருவாக்கப்பட்டு, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களும் ஊழியர்களும் பங்குதாரர்கள் ஆனார்கள். பெரும்பான்மைப் பங்கு அவர்கள் கையில். டாடா ஒரு பகுதியை வைத்துக்கொண்டது. இது வெறும் மோசடி என்று நான் சொல்லமாட்டேன். பீர்மேடு போல மூணாறு பூட்டப்படவில்லை, அது சின்ன விஷயமில்லை. ‘பங்கேற்பு மேலாண்மை’க்கு எடுத்துக்காட்டாக இது பேசப்பட்டதும் உண்மை.

ஆனால் பங்கு என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். சொத்தில் பங்கு ஒன்று, பேச்சில் பங்கு ஒன்று. முதலாவது காகிதத்தில் வந்தது. இரண்டாவது வந்ததா என்பதற்கு 2015 பதில் சொல்லிற்று.

முந்தைய ஆண்டுகளில் இருபது சதவீத அளவுக்கு வந்துகொண்டிருந்த போனஸ் அந்த ஆண்டு பத்து சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. காரணம் லாபக் குறைவு. கணக்கு பொய்யென்று சொல்ல வேண்டியதில்லை. தேயிலை விலை சரிந்துதான் இருந்தது. கவனிக்க வேண்டியது அந்தக் காரணத்தின் இலக்கணத்தை. ‘நீங்களும் முதலாளிகள், நஷ்டத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு’ என்பது அதற்குள் ஒளிந்திருக்கிறது. லாபத்தின் திசையைத் தீர்மானித்த டெட்லி முடிவில் இல்லாத பங்கு, நஷ்டத்தில் மட்டும் வந்து சேர்கிறது. செப்டம்பர் முதல் வாரத்தில் பெண்கள் வேலையை விட்டிறங்கி மூணாற்றில் கொச்சி-தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நம் போடி வழியாக இறங்கி வருகிற அதே சாலைதான். ஆயிரக்கணக்கான பெண்கள், ஒன்பது நாள். இருபது சதவீத போனஸ், ஏறத்தாழ 232 ரூபாயாக இருந்த நாள்கூலியை 500 ஆக்கு என்பவை கோரிக்கைகள். சங்க அலுவலகங்களை நோக்கியே கோபம் முதலில் திரும்பியது. ஏஐடியூசி, ஐஎன்டியூசி, சிஐடியூ என்று பேதம் பார்க்கவில்லை. உள்ளூர் எம்.எல்.ஏ.வை விரட்டினார்கள். அச்சுதானந்தன் ஒருவரைத்தான் பக்கத்தில் உட்காரவிட்டார்கள்.

தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் ‘பெம்பிளை ஒருமை’. மலையாளத்தில் ஒருமை என்றால் ஒற்றுமை. தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு ஒருமை பன்மைக்கு எதிர்ப்பதம். ஆயிரக்கணக்கில் திரண்ட பன்மை தனக்கு ஒருமை என்று பேர் வைத்துக்கொண்ட இந்தக் கோணலை நான் ரசிக்காமல் இருக்க முடியவில்லை. ‘பெம்பிளை’யும் மேடைத் தமிழில் இல்லாத சொல். வீட்டிலும் குழாயடியிலும் புழங்குகிற சொல் சாலைக்கு வந்துவிட்டது.

அமைப்பு இல்லாதவர்கள் எப்படி முடிவெடுத்தார்கள்? பத்திரிகைகள் திகைத்து, பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்றுகூடச் சந்தேகப்பட்டன. கொழுந்துக் காட்டில் பக்கத்து நிரையோடு பேசிக்கொண்டே கை வேலை செய்கிறது. லயன் வீட்டுச் சுவர் ஒரு வீட்டுப் பேச்சை அடுத்த வீட்டுக்கு விடுகிறது. நிர்வாகம் வேலைக்காக அமைத்த இடநெருக்கமே தகவல் வழியாகியிருக்கும் என்று நினைக்கிறேன். கங்காணியும் சங்கமும் நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வழி. செப்டம்பர் 13-ல் முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் 8.33 சதவீத போனஸ், மிச்சம் 11.67 கருணைத்தொகை என்று இருபது வந்தது. கருணைத்தொகை! தொகை கிடைத்தது, உரிமை என்ற சொல் கிடைக்கவில்லை.

இதை வெற்றிக்கதையாக முடித்துவிடுவது நமக்கு வசதி. கூலிப் பிரச்சினை மறுபடி போராட்டமாகி, அக்டோபரில் 301 ரூபாய் என்று முடிந்தது. கூடவே, நாளொன்றுக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவு 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏறியது. கூலியைப் பற்றிப் பேச மேசைக்குப் போனவர்களுக்கு எதிரே கிலோவும் உட்கார்ந்திருந்தது. நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களில் ஜெயித்தார்கள். பிறகு பிளவு, கட்சிகளுக்குப் போவது, திரும்புவது. சாலையில் இருந்தபோது எல்லோரும் சேர்ந்தெடுத்த முடிவு, பிரதிநிதி என்று ஒருவர் வந்ததும் பழைய நாற்காலியைத் தேட ஆரம்பித்தது. இதற்கு அந்தப் பெண்களைக் குறை சொல்பவர்கள் தங்கள் சிறுபத்திரிகைக் குழு எத்தனை வருடம் உடையாமல் இருந்தது என்று ஒருதரம் எண்ணிப்பார்க்கலாம்.

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. 70 பேர். அவர்களில் பலரின் பூர்வீகம் கயத்தாறுப் பக்கம். லயனை எந்தச் சரிவில் கட்டுவது என்பதும் ஒரு முடிவுதான். எந்தக் காலத்து மேசையிலோ எடுக்கப்பட்டு, அதில் படுத்துறங்கியவர்களிடம் ஒருபோதும் கேட்கப்படாமலே தலைமுறை தாண்டிய முடிவு.

சிலமலை ஜீப்பில் போகிறவர்களுக்கு இவ்வளவுகூட இல்லை. தேயிலைத் தோட்டத்தில் பிரட்டுக்களம் உண்டு, செக்ரோலில் பெயர் உண்டு, போனஸ் என்று சண்டைபோட ஒரு சொல்லாவது உண்டு. ஏலத்தோட்டத்துக்குத் தினக்கூலியாகப் போகிறவளுக்கு இன்றைக்கு ஒரு முதலாளி, நாளைக்கு ஒரு முதலாளி. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. போடியில் அன்றைக்கு அதைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. எங்கள் தெருவில் முப்பது வருஷமாகக் காய் எடுக்கப் போகிற பெரியம்மா ஒருத்தியிடம் கேட்டேன். விலை ஏறியது அவளுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? சாயங்காலம் ஜீப் ஏறும்போது மடியைச் சோதித்தார்களாம்.