எடைக்குப் போகாமல் தப்பிய தாள்கள்

தீபாவளி நெருங்கும் நாட்களில் வட இந்திய வீடுகள் பலவற்றில் பரண்கள் காலியாகின்றன. உடைந்தவை தெருவுக்கும் பழைய தாள்கள் எடைக்கும் போகின்றன. 2021 முதல் ஒன்றிய அரசின் அலுவலகங்களிலும் ஆண்டுதோறும் அக்டோபரில் இதே பணி ஒரு சிறப்பு இயக்கமாக நடைபெற்றுவருகிறது. தேங்கிய கோப்புகள் முடிக்கப்படுகின்றன. கழிவுப் பொருள்கள் விற்கப்படுகின்றன. அடைபட்டிருந்த அறைகள் மீட்கப்படுகின்றன. பயனுள்ள பணிதான். ஆனால் வேண்டாதது எது என்பதை யார், எதைப் படித்துப் பார்த்து முடிவு செய்வது? இந்தியாவின் தேசிய ஆவணக் காப்பகமே இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒடுக்கிய செலவு பிரித்தானிய இந்திய அரசைக் கடனில் ஆழ்த்தியது. நிதியைச் சீர்செய்ய அனுப்பப்பட்ட ஜேம்ஸ் வில்சன் 1860இல் முதல் வரவுசெலவுத் திட்டத்தையும் வருமான வரியையும் கொண்டுவந்தார். எங்கும் சிக்கனம் பேசப்பட்ட அதே ஆண்டில், தணிக்கை அதிகாரியான சாண்டிமன் தம் அறிக்கையில் அலுவலகங்களின் இட நெருக்கடியைச் சுட்டிக்காட்டினார். அன்றாட நடைமுறைத் தாள்களை அழித்துவிடலாம்; மதிப்புள்ளவற்றை ஒரு பெரிய மையக் காப்பகத்துக்கு மாற்றலாம் என்பது அவர் கூறிய வழி. ஆவணக் காப்பகம் என்னும் எண்ணம் இங்கே வரலாற்று ஆர்வத்தால் எழவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கழித்தது போக எஞ்சியதை வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அதே காலத்தில் இலண்டனிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வீடு காலி செய்யப்பட்டது. 1858இல் கம்பெனியின் ஆட்சி முடிவுக்கு வந்ததும், லெடன்ஹால் தெருவில் இருந்த அதன் தலைமையகம் தேவையற்றதாயிற்று. அங்கே குவிந்திருந்த ஆவணங்களில் டன் கணக்கானவை கழிவுத்தாள் வணிகர்களுக்கு விற்கப்பட்டன. சில ஆண்டுகளில் கட்டடமும் இடிக்கப்பட்டது.

கல்கத்தாவில் 1861இல் ஆவணக் குழு அமைக்கப்பட்டது. பின்னர் அதன் உறுப்பினராகப் பணியாற்றியவர்களுள் ஒருவர் பாதிரியார் ஜேம்ஸ் லாங். அதே 1861இல் அவர் சிறை சென்றவர். அவுரி பயிரிட வற்புறுத்தப்பட்ட வங்காள உழவர்களின் துயரைச் சொல்லும் தீனபந்து மித்ராவின் ‘நீல் தர்ப்பண்’ நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக, அவருக்கு ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அபராதத்தைக் காளிபிரசன்ன சிங்கர் செலுத்தினார்.

அத்தகைய ஒருவர் அரசின் பழைய தாள்களைப் படித்தபோது, அவர் கண்ணில் பட்டவை வேறு. 1748 முதல் 1767 வரையிலான, அதுவரை அச்சேறாத ஆவணங்களிலிருந்து ஒரு தொகுப்பை அவர் 1869இல் வெளியிட்டார். பிளாசிப் போருக்கு முன்னும் பின்னுமான ஆண்டுகள் அவை. ஆயினும் அவர் முதன்மை தந்தது போர்களுக்கன்று, வங்காளத்தின் சமூக நிலைக்கு. அலுவலகத்தின் பார்வையில் உடன்படிக்கை முக்கியமானது. பழைய விலைப்பட்டியல் இடத்தை அடைக்கும் தாள். சமூக வரலாற்றைத் தேடுவோர்க்கோ அந்த விலைப்பட்டியல்தான் சான்று. இன்று ‘அன்றாடத் தாள்’ எனப்படுவது நாளை எந்தக் கேள்விக்கு விடையாகும் என்பதைக் கழிப்பவர் அறிய வழியில்லை.

பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரிப் பேராசிரியரான ஜி. டபிள்யூ. ஃபாரஸ்ட், பம்பாய் ஆவணங்களை ஒழுங்குபடுத்திப் பெயர் பெற்றவர். 1889இல் வெளியுறவுத் துறை ஆவணங்களை ஆராயும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. கம்பெனி ஆட்சிக்கால ஆவணங்கள் அனைத்தையும் ஒரே இடத்துக்கு மாற்ற வேண்டும் என அவர் வலியுறுத்தியதன் பயனாக, 1891 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் பேரரசு ஆவணத் துறை தோன்றியது. 1937இல் அது புது தில்லிக்கு முழுமையாக இடம் மாறியது. விடுதலைக்குப் பின் தேசிய ஆவணக் காப்பகம் என்று பெயர் பெற்றது.

துப்புரவுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1947இல் ஆட்சியைக் கைமாற்றும் முன், அரசியல் துறையின் கோப்புகள் எரிக்கப்பட்டன. சுதேச மன்னர்களின் தனிவாழ்வு பற்றிய செய்திகள் அவற்றில் இருந்தன. அத்துறையின் பொறுப்பில் இருந்த கான்ராட் கார்ஃபீல்டின் இந்நடவடிக்கையை நேரு கடுமையாக எதிர்த்தார். இங்கே தாள்கள் அழிந்தது இடம் போதாமையால் அன்று; புதிய அரசின் கையில் கிடைக்கக் கூடாது என்பதால்.

விடுதலை பெற்ற இந்தியா இதற்கென ஒரு சட்டம் இயற்ற 1993 வரை ஆயிற்று. அவ்வாண்டின் பொது ஆவணங்கள் சட்டப்படி, வகுக்கப்பட்ட முறைக்குப் புறம்பாக எந்தப் பொது ஆவணத்தையும் அழிக்க இயலாது. 1892க்கு முற்பட்ட ஆவணம் எனில், பயன்படுத்தவே முடியாத அளவு சிதைந்துவிட்டதாகக் காப்பகத் தலைமை கருதினாலன்றி அதை அழிக்கக் கூடாது. மீறுவோர்க்கு ஐந்தாண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அந்த எல்லைக்குப் பிற்பட்டவை மதிப்பீட்டுக்கு உட்பட்டவை. ஒன்றிய அரசின் கோப்புகள் மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றன. மூன்றாம் வகைக்கு உரிய ஆயுள் அதிகபட்சம் பத்தாண்டு.

எனவே 1892க்கு முந்தைய கடிதம் தன் வயதினாலேயே பாதுகாப்புப் பெறுகிறது. 1950களின் நில ஒப்படைப்புக் கோப்போ, 1970களின் தொழிலாளர் தகராற்றுக் கோப்போ அப்படியன்று. அதன் உறையில் எந்த வகை எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே அது வாழும். ஒவ்வோர் அலுவலகமும் ஆவண அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்த ஒருவருக்குக் கோப்பைத் திறந்து படிக்கும் பயிற்சியும் நேரமும் உண்டா என்பதே இன்றைய கேள்வி. மீட்கப்பட்ட இடத்தைச் சதுர அடியில் அளந்துவிடலாம். படிக்கப்படாமல் எடைக்குப் போன கோப்பில் என்ன இருந்தது என்பதைப் பின்னர் எவராலும் சொல்ல இயலாது.