மிச்ச நூலின் பயணம்

கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் பரதேசி ஜெப ஆலயத்தை நோக்கி நடந்தால், கடை வாசலில் தொங்கும் பைகளிலோ மேசை விரிப்புகளிலோ அந்தச் சதுரம் கண்ணில் படாமல் இருக்காது. நடுவில் சின்ன வளையம், சுற்றிலும் மும்மூன்றாக நிற்கும் இழைகள், நான்கு மூலை, சுற்றுக்கொரு நிறம். நம் வீட்டுப் பழைய டி.வி. மேல் கிடந்த விரிப்பும் இதே குரோஷாப் பின்னல்தான். உலகம் இந்தச் சதுரத்தை கிரானி ஸ்கொயர் என்கிறது. பெயரில் பாட்டி இருந்தாலும் சதுரத்துக்கு வயது ஒன்றரை நூற்றாண்டுக்கும் குறைவு. அதைப் பின்னும் கொக்கி ஊசிதான் உண்மையில் பாட்டி. அந்த ஊசியின் பூர்வீகத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். மட்டாஞ்சேரியிலேயே குஜராத்தி ரோடு இருக்கிறது.

கட்ச்சிலிருந்தும் குஜராத்தின் மற்றப் பகுதிகளிலிருந்தும் வணிகத்துக்கு வந்து தங்கிவிட்டவர்களின் தெரு அது. அவர்களின் சொந்த மண்ணில் மோச்சி என்ற சமூகத்தார் தோல் தைப்பவர்கள். தோலில் ஓட்டையிட்டு நூலை இழுக்க, நுனி வளைந்த ஊசி வைத்திருந்தார்கள். அதே ஊசியைத் துணிக்குக் கொண்டுவந்து, கீழிருந்து நூலை வளையமாக மேலே இழுத்து, அந்த வளையத்துக்குள் அடுத்த வளையத்தை நுழைத்தார்கள். சங்கிலிபோல் ஓடும் இந்தத் தையல் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் கல்யாண பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது 'ஆரி வொர்க்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதேதான்.

17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கம்பெனிகள் குஜராத்தின் இந்தப் பூவேலைத் துணிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றன. அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமாட்டிகள் வட்டச் சட்டத்தில் துணியை முரசுபோல் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் தாங்களே பூப்போட்டார்கள். பிரெஞ்சில் முரசுக்கு 'தம்பூர்' என்று பெயர், வேலைக்கும் அதுவே பெயரானது. பிறகு யாரோ ஒருவர் துணியே இல்லாமல் வளையத்துக்குள் வளையமாகக் கோத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆதாரமில்லாமல் காற்றிலேயே நின்றது பின்னல். குரோஷாவின் பிறப்பைப் பற்றிய கருத்துகளில் இதுவும் ஒன்று. அரேபியா, தென்னமெரிக்கா என்று வேறு ஊர்களைச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் ஐரோப்பாவில் 1800-க்கு முன்பு குரோஷா இருந்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்பதை டென்மார்க் ஆய்வாளர் லிஸ் பாலுடான் எடுத்துக்காட்டினார்.

டச்சுக்காரர்கள் 1663-இல் கொச்சியைப் பிடித்து, மட்டாஞ்சேரி அரண்மனையைப் பழுதுபார்த்து, 1795-இல் ஆங்கிலேயரிடம் ஊரைப் பறிகொடுத்தவர்கள். அவர்கள் நாட்டிலிருந்துதான் 1823-இல் 'பெனலோப்' என்ற பெண்கள் பத்திரிகை குரோஷா மாதிரிகளை முதன்முதலாக அச்சிட்டது. வாய்வழியாகவும் கைவழியாகவும் பரவிய வேலை அன்றுமுதல் தபாலில் பயணம் செய்யத் தொடங்கியது.

அதை ஊருக்குச் சோறு போடும் வேலையாக்கியது ஒரு கொடும் பஞ்சம். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குச் செடிகள் அழுகின. சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மடிந்தார்கள், அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். கன்னியர் மடங்களும் பாதிரிமார் குடும்பத்துப் பெண்களும் ஏழைப் பெண்களுக்குக் கொக்கி ஊசியைக் கொடுத்துப் பழக்கினார்கள். பின்னியது எதை? வெனிஸ் நகரத்து விலையுயர்ந்த ஊசி லேஸின் நகலை. அசலுக்கு மாதக்கணக்கில் ஆகும், கொக்கி ஊசிக்கு அதில் சிறு பங்கு நேரம் போதும். ரியேகோ தெ லா பிராஞ்சர்தியேர் என்ற ஆசிரியை மாதிரிப் புத்தகங்களை அடுத்தடுத்து வெளியிட்டு அதைப் பரப்பினார். நகலாகப் பிறந்தது ஒரே தலைமுறையில் 'ஐரிஷ் குரோஷே' என்ற சொந்தப் பெயரோடு கடைக்கு வந்தது. ஊரைவிட்டுப் போனவர்களோடு ஊசியும் அமெரிக்கா போனது.

ஊசி போனது, இனி நூலுக்கு நிறம் வேண்டும். 1856-இல் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர் மலேரியாவுக்கு மருந்து தேடும்போது தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன்பின் செயற்கைச் சாயங்கள் வரிசையாக வர, வண்ணக் கம்பளி நூல் சாதாரண வீட்டுக்கும் கட்டுப்படியானது. வண்ணம் பெருகினால் மிச்சமும் பெருகும். ஒரு சட்டைக்குப் போதாத நூல்துண்டுகளை என்ன செய்வது? அமெரிக்காவில் விவசாயிகளுக்காக வந்த 'ப்ரேரி ஃபார்மர்' பத்திரிகை 1885-இல் அதற்கு வழி காட்டும் குரோஷாச் சதுரத்தை அச்சிட்டது. கிரானி ஸ்கொயர் அச்சில் ஏறிய மிகப் பழைய இடமாக இதைத்தான் காட்டுகிறார்கள். இப்படிச் சதுரங்களைச் சேர்த்த போர்வைக்கு அமெரிக்கர் வைத்திருக்கும் பெயர் 'ஆஃப்கான்'. காபூல் பக்கத்துச் சால்வையின் நினைவு அந்தப் பெயரில் ஒட்டியிருக்கிறது.

இந்தச் சதுரம் பின்னுவது இப்படி: நான்கு சங்கிலி போட்டு வளையமாகச் சேர்க்க வேண்டும். வளையத்துக்குள் மூன்று நெடுந்தையல், இரண்டு சங்கிலி. இப்படி நான்கு முறை. அந்த இரண்டு சங்கிலி இடைவெளிதான் மூலை. அடுத்த சுற்றில் நிறத்தை மாற்றி, மூலைக்குள் மட்டும் இரண்டு தொகுதி போட்டால் வட்டம் தானாகச் சதுரமாகும். சுற்றுகளை இடைவெளியின்றி நிரப்பினால் கெட்டிச் சதுரம், நடுவில் இதழ் வைத்தால் சூரியகாந்தி, ஆறு மூலை வைத்தால் தேன்கூடு. பழகுபவர் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். பிரிட்டிஷ் வழக்கில் 'ட்ரெபிள்' எனும் தையலை அமெரிக்கர் 'டபுள்' என்பார்கள். கான்வென்டில் படித்த அம்மாவும் யூடியூபில் படித்த மகளும் ஒரே தையலுக்குச் சண்டை போடுவது இதனால்தான்.

தென்னாட்டுக்கு லேஸ் வந்த வழியும் மடங்களும் மிஷன் வீடுகளும்தான். நாகர்கோவிலில் 1820-களின் தொடக்கத்தில் மிஷன் குடும்பத்து மார்த்தா மால்ட், தலையணைமேல் வைத்துப் பின்னும் 'பில்லோ லேஸை'ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தில் அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். கொச்சியை அடுத்த கூனம்மாவில் 1866-இல் மதர் எலீஸ்வா தொடங்கிய மடம், பெண்களுக்குப் படிப்போடு கைவேலையும் கற்பித்தது. 1897-இல் பெல்ஜியத்திலிருந்து குமரி மாவட்டத்து முளகுமூட்டுக்கு வந்த மதர் மேரி லூயிஸின் சபைச் சகோதரிகளால் அந்த ஊர் லேஸுக்குப் பெயர் பெற்றது. ஆந்திராவின் நரசாபுரத்தில் குரோஷா லேஸ் பல்லாயிரம் பெண்களின் தொழிலானது.

அந்த நரசாபுரத்தைப் பற்றிச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் எழுதிய நூல் கசப்பான உண்மையைச் சொன்னது. நாளெல்லாம் பின்னும் பெண்களை வியாபாரிகள் 'வீட்டில் சும்மா இருக்கும் இல்லத்தரசிகள்' என்றே கணக்கிட்டார்கள். கூலியும் சும்மா இருப்பவர்களுக்குக் கொடுப்பதுபோலவே இருந்தது, லாபம் ஏற்றுமதி செய்தவர்களுக்குப் போனது. நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைக்க 2024 வரை ஆனது.

மிச்ச நேரத்தில் மிச்ச நூலால் செய்வது என்று நாம் மலிவாக நினைக்கும் இந்த வேலையின் அளவை ஒருமுறை கண்ணாரக் காட்டியது சென்னையில் பிறந்த ஒரு குழு. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் ஆளாளுக்குப் பின்னிய விரிப்புகளை 2016 ஜனவரி 31 அன்று ஒன்றாக இணைத்தார்கள். 11,148.5 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர். கின்னஸ் பதிவு முடிந்ததும் அவற்றைப் பிரித்துத் தேவைப்பட்டவர்களுக்குப் போர்வையாகக் கொடுத்தார்கள்.

யூதத் தெருவில் சாரா கோஹன் அம்மா பல்லாண்டு தன் கைப் பூவேலையை விற்றார். 2019-இல், 96 வயதில் காலமானார். ஊசிவேலைக்கு அந்தத் தெருவில் அவர் மரியாதை சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த முறை அங்கே ஒரு குரோஷாப் பையைக் கையிலெடுத்தால் பேரம் பேசுமுன் திருப்பிப் பாருங்கள். துணி நெய்யவும் ஸ்வெட்டர் பின்னவும் ஓடும் இயந்திரங்கள் கடைச்சரக்காக குரோஷாவைப் பின்னுவதில்லை. உங்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு முடிச்சையும் ஒரு மனிதர் உட்கார்ந்து போட்டிருக்கிறார். அந்த மணிநேரங்களுக்கு உரிய விலையைக் கொடுங்கள்.