சாய்ப்பிலிருந்து சொந்த வீடு வரை: கடாரத்துத் தோட்ட வீடுகள் சொல்லும் கணக்கு



வீட்டை விரிவுபடுத்துவது நம்மவர்க்குப் புதிய செயலன்று. கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர், லய வீட்டின் பின்புறத்தில் நான்கு கம்பு நட்டு, பழைய துத்தநாகத் தகடு வேய்ந்து, ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டனர். அடுக்களை, குளிக்கும் இடம், கோழிக்கூடு, விருந்தினர் படுக்கை எல்லாம் அந்தச் சாய்ப்புக்குள்தான் அடங்கின. வரைபடமும் கடனும் இல்லாமல் எழுந்த அந்தச் சாய்ப்பே நம் வீட்டு விரிவாக்க வரலாற்றின் முதல் அத்தியாயம்!

அதற்குக் காரணம் இடநெருக்கடி. வரிசையாகக் கட்டப்பட்ட லயத்தில் ஒரு குடும்பத்திற்குக் கிடைத்தது பத்தடி, பன்னிரண்டடி அளவுள்ள அறையும் ஒரு சிறு திண்ணையும். பிள்ளைகள் பெருகினாலும் அறை பெருகவில்லை. ஆயினும், சாய்ப்பு இறக்கியவருக்கு அது சொந்தமாகவில்லை. வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. கைக்காசு போட்டுக் கட்டிய சாய்ப்பும் உடன் போயிற்று.

1957இல் நாடு விடுதலை பெற்றதையொட்டிய ஆண்டுகளில் இந்த உண்மை கொடுமையாக வெளிப்பட்டது. அந்நிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் சிறு துண்டுகளாகக் கூறுபோட்டு விற்றனர். தோட்டத் துண்டாடல் என நாம் அழைக்கும் இக்காலத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையையும் கூரையையும் ஒருங்கே இழந்தனர். இதற்கு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தி 100 வெள்ளிப் பங்கை வாங்குமாறு தோட்டந்தோறும் சென்று வேண்டினார். அப்பணத்தைக் கொண்டு சங்கம் 1961இல் வாங்கிய முதல் தோட்டம் நம் கடாரத்திலுள்ள புக்கிட் சீடிம் என்பது நமக்குப் பெருமை. கையிலிருப்பது சிறு தொகையாயினும், காலமும் இலக்கும் வகுத்துச் சேர்த்தால் பெரிய சொத்தை வாங்கலாம் என்பதை அத்தொழிலாளர்களே மெய்ப்பித்தனர்.

சட்டமும் மெல்ல மெல்ல நகர்ந்தது. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம் 1966இல் வந்தது. 1990இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. எனினும், தரமான குடியிருப்பு வேறு, சொந்த வீடு வேறு அல்லவா?

தோட்டங்கள் மேம்பாட்டுக்குச் சென்றபோது நம்மவர் பலர் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். 1980ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிகளின்படி, ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் ஊதியம் உண்டு. 25 ஆண்டுகள் பால் வெட்டியவருக்கு 500 நாள் ஊதியம். பல குடும்பங்களில் இத்தொகையே வீட்டின் முன்பணமாயிற்று.

1982இல் மலிவு விலை வீட்டின் விலை 25,000 ரிங்கிட் என வரையறுக்கப்பட்டது. மாத வருமானம் 750 ரிங்கிட்டுக்கு மிகாதவர்களுக்கென அமைந்தது அத்திட்டம். உச்ச வருமானம் உள்ளவருக்கும் அது 33 மாதச் சம்பளத்திற்கு மேல்! பரப்பளவோ 550 முதல் 600 சதுர அடி, இரண்டே படுக்கையறைகள். தாத்தா, பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என மூன்று தலைமுறை அதில் எப்படி அடங்கும்? எனவே, பின்பக்க அடுக்களையை நீட்டுவதும் முன்பக்கம் கூரை இறக்குவதும் தாமான்தோறும் தொடங்கின. லயத்துச் சாய்ப்பு கல்லாலும் சிமெண்டாலும் மறுபிறவி எடுத்தது.

பழைய பழக்கத்தோடு பழைய ஆபத்தும் வந்தது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி, ஊராட்சி மன்றத்தின் முன் அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பவோ விரிவுபடுத்தவோ கூடாது. இதை அறியாமல் கட்டி, இடிக்கச் சொல்லும் அறிவிப்பைப் பெற்றால், துரை வெளியேற்றிய காலத்தைப் போலவே போட்ட பணம் வீணாகும். பணம் திரட்டும் வழியிலும் கவனம் தேவை. தெரிந்தவர்களிடம் கூட்டுப் பிடித்து வீடு கட்டுவது தோட்டத்து வழக்கம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. நடத்துபவர் தலைமறைவானால் அடித்தளத்தோடு வீடு நின்றுவிடும்.

சரி, இன்று வீட்டை விரிவுபடுத்த எண்ணும் பெற்றோர் இவ்வரலாற்றிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

முதலில் தேவையை எழுதுங்கள். அழகு பிறகு வரட்டும். அடுத்து, நகராண்மைக் கழகத்தின் விதிகளைக் கேட்டறிந்து வரைபடம் தயாரியுங்கள். அண்டை வீட்டாரின் இசைவையும் எழுத்தில் பெறுவது நல்லது. மூன்றாவதாக, அடித்தளம், சுவர், கூரை, மின்கம்பி, குழாய், தரை, வரைபடக் கட்டணம் எனத் தனித்தனியாகப் பட்டியலிட்டு, குறைந்தது மூன்று குத்தகையாளர்களிடம் ஒரே பட்டியலுக்கு விலை கேளுங்கள்.

எடுத்துக்காட்டாக, கையில் 30,000 ரிங்கிட் இருந்தால், அதில் 15 விழுக்காடான 4,500 ரிங்கிட்டை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கிவிட்டு, 25,500 ரிங்கிட்டுக்குள் வேலையை வகுத்துக்கொள்ளுங்கள். மாதம் 500 ரிங்கிட் சேமிக்கும் குடும்பத்திற்கு அந்த 30,000 ரிங்கிட் 60 மாத உழைப்பு. அதை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுக்கலாமா? முடிந்த வேலைக்கு மட்டும் கட்டங்கட்டமாகக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் ரசீது பெறுங்கள். பணம் போதாவிடில் வேலையை இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். கூரை பிரிக்கும் வேலையை ஆண்டுத் தொடக்கத்தில் கடாரத்தில் மழை குறையும் மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியை என்ற முறையில் ஒரு வேண்டுகோள். விரிவாக்கத்தைத் திட்டமிடும்போது, ஒரு மேசையும் ஒரு விளக்கும் வைக்கும் அளவுக்குப் பிள்ளைகளுக்கென ஓர் இடம் ஒதுக்குங்கள். தொலைக்காட்சிக்கு எதிரில் தரையில் குப்புறப் படுத்து எழுதப்பட்ட வீட்டுப்பாடத்தை எழுத்தின் சாய்வைக் கொண்டே எங்களால் கண்டுகொள்ள முடிகிறது. லயத்தில் அந்த இடம் இல்லை. வேண்டுமென்று கேட்கும் உரிமையும் நம்மவர்க்கு இல்லை. இன்று மனை நம்முடையது, சுவர் நம்முடையது, எங்கே அறை எழுப்புவது என்ற முடிவும் நம்முடையது. அம்முடிவைச் சட்டத்தோடும் கணக்கோடும் எடுப்போம்.