மிளகாய்த்தூளும் ஜீனும்: சிவப்புக் கேனரியின் கதை

வெனிசுவெலாவில் 2008இல் வெளிவந்த 100 பொலிவார் நோட்டின் முன்பக்கத்தில் சிமோன் பொலிவார் இருப்பார். பின்பக்கத்தில் ஒரு குட்டிக் குருவி. கறுப்புத் தலை, உடம்பு நெருப்புச் சிவப்பு. அங்கத்தைய ஆக்கள் அதைக் 'கார்தெனலீத்தோ' என்று கூப்பிடுகினம். ஒரு நாட்டின் காசில் அச்சடிக்கிற அளவுக்குப் பிரபலமான இந்தக் குருவியை அந்த நாட்டுக் காட்டில் காண்பது இப்போது பெரிய அதிர்ஷ்டம். அது குறைந்துபோனதற்கும், ஜேர்மனியில் பிரெமன் நகரத்து வாத்தியார் ஒருவரின் ஆசைக்கும் தொடர்பு இருக்கு. கூண்டுக் குருவிக்கு நிறம் மாற்றுகிற பொழுதுபோக்கு, மனிசரைத் தரம் பிரிக்கிற அரசியலுக்குப் பக்கத்தில் எப்படிப் போய் உட்கார்ந்தது என்று தேடப் போய்த்தான் நாங்கள் அந்த வாத்தியாரிடம் வந்து சேர்ந்தோம்.

முதலில் கேனரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேனரியும் பிஞ்ச் குடும்பத்துக் குருவிதான். அதன் சொந்த இடம் அத்திலாந்திக் கடலில் இருக்கிற கேனரித் தீவுகள், மதெய்ரா, அசோரஸ். காட்டுக் கேனரி மஞ்சள் இல்லை. கோடு போட்ட பச்சை. ஸ்பானியர்கள் அந்தத் தீவுகளைப் பிடித்த பிறகு குருவியும் ஐரோப்பாவுக்குப் போனது. பிறகு சில நூறு வருசக் கூண்டு வாழ்க்கையில் மஞ்சள், வெள்ளை, கறுவா நிறம், கொண்டை வைத்தது என்று விதவிதமாக வந்தன.

இவை எதையும் ஆரும் உருவாக்கவில்லை. விகாரம் என்பது தானாக நடக்கிறது. காட்டில் பளிச்சென்ற மஞ்சளாக ஒரு குஞ்சு பொரித்தால் பருந்துக்குத்தான் முதலில் தெரியும். கூண்டில் பொரித்தால் வீட்டுக்காரன் அதைப் பத்திரமாகப் பிரித்து வைப்பான். மறைந்திருக்கிற விகாரம் வெளியே தெரிய, அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதி சேர வேண்டும். ஒரே குடும்பத்துக் குருவிகளைத் திரும்பத் திரும்பச் சோடி சேர்க்கிற கூண்டில் அது சுலபமாக நடக்கும். இன்னொரு விசயம்: மஞ்சள் கேனரிக்குப் புதிதாக எந்த நிறமும் வரவில்லை. பச்சை என்பது மஞ்சளுக்கு மேலே கறுப்பும் மண்ணிறமும் சேர்ந்த தோற்றம். அந்தக் கருமை போனதும் உள்ளுக்கிருந்த மஞ்சள் தெரிந்தது, அவ்வளவுதான். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து எத்தனையோ நிறம் எடுக்கலாம். சிவப்பை மட்டும் எடுக்க முடியாது, ஏனென்றால் உள்ளுக்குச் சிவப்பே இல்லை.

1900இல் மெண்டலின் விதிகள் திரும்பக் கண்டெடுக்கப்பட்டபோது, அவற்றைச் சோதித்துப் பார்க்கக் கேனரி கைக்குள் இருந்தது. கேம்பிரிட்ஜில் புளோரன்ஸ் டர்ஹமும் டொரதி மேரியட்டும் கறுவா நிறக் கேனரிகளை வளர்த்து 1908இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். கறுவா ஆணைப் பச்சைப் பேட்டோடு சேர்த்தால் மகன்மார் எல்லாம் பச்சை, மகள்மார் எல்லாம் கறுவா. கறுவாக் குஞ்சு பொரிக்கும்போது கண் இளஞ்சிவப்பாக இருக்கும் என்பதால் முதல்நாளே பெட்டை எது என்று சொல்லிவிடலாம். சோடியை மாற்றிப் போட்டால், அதாவது பச்சை ஆணையும் கறுவாப் பேட்டையும் சேர்த்தால், எல்லாக் குஞ்சும் பச்சை. வளர்ப்பாளர்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்த கணக்கு. இந்த இரண்டு பெண்களும் அதிலிருந்து எடுத்தது பெரிய விசயம்: பறவைகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாயின் நிறமூர்த்தத்தில் தங்கியிருக்கு. (பொம்பிளைப் பிள்ளை பிறந்தால் மருமகளைத் திட்டுகிற மாமிமாரின் வாதம் குருவிகளுக்கு மட்டும் சரிவரும். மனிசரில் அது தகப்பன் பக்கத்து வேலை.) அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டமே கொடுக்கவில்லை. 1948 வரைக்கும் அப்படித்தான்.

அதே 1908இல் அமெரிக்காவிலும் கேனரிகளின் பரம்பரை பற்றி ஒரு நூல் வந்தது. எழுதியவர் சார்ள்ஸ் டேவன்போர்ட். கொண்டை, இறகு நிறம் என்று ஒவ்வொரு பண்பாகப் பிரித்து எழுதியிருந்தார். இரண்டு வருசம் கழித்து, 1910இல், அவரே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் மனித இனமேம்பாட்டுப் பதிவகத்தை நிறுவினார். குருவிக் குடும்பங்களுக்குப் போட்ட மாதிரி மனிசக் குடும்பங்களுக்கும் வரைபடம் போட்டார்கள். வறுமை, குடி, 'புத்திக் குறைவு' எல்லாமே கொண்டை மாதிரி ஒரு ஜீனில் இறங்கி வருகிறது என்று எழுதினார்கள். அந்தப் பதிவகத்தை நடத்திய ஹரி லாஃப்லின் எழுதிய மாதிரிச் சட்டம் ஹிட்லர் ஆட்சியின் 1933 கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு ஒரு முன்னுதாரணம் ஆனது. அந்தச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குக் கருத்தடை செய்தார்கள்.

இதில் எங்களுக்கு எரிச்சல் தருவது கொண்டைதான். கொண்டைக் கேனரி இரண்டைச் சோடி சேர்க்கக் கூடாது என்பது வளர்ப்பாளர்களின் பழைய விதி. கொண்டை ஜீனின் இரண்டு பிரதியும் சேர்ந்த கரு பிழைக்காது. அதனால் உலகத்தில் உயிரோடிருக்கிற ஒவ்வொரு கொண்டைக் கேனரியும் கலப்புத்தான். இப்படிப்பட்ட குருவியைக் கையில் வைத்துக்கொண்டு 'தூய்மை' கதைக்க எப்படி மனம் வந்தது?

இனி பிரெமன். ஹான்ஸ் டுங்கர் 1881இல் பிறந்தவர், விலங்கியல் படித்த பள்ளிக்கூட ஆசிரியர். அதே ஊரில் கார்ல் றைஷ் என்றொரு வளர்ப்பாளர் இருந்தார். நைட்டிங்கேல் பாட்டைக் கேனரிகளுக்குப் பழக்கி, அதைத் தலைமுறை தலைமுறையாகப் பாடவைத்தவர். அவர் வளர்த்த நைட்டிங்கேலின் குரல் 1910இலேயே இசைத்தட்டாக விற்பனைக்கு வந்திருந்தது. 1920களில் டுங்கரும் றைஷும் சேர்ந்தார்கள். ஒருவரிடம் மெண்டல் கணக்கு, மற்றவரிடம் கைப்பழக்கம். ஊர்ச் செல்வந்தர் கார்ல் கிரேமர் பணம் கொடுத்தார்.

டுங்கரின் திட்டம் கேட்க அழகாக இருக்கும். கேனரிக்குள் சிவப்பு இல்லை, ஆனால் கார்தெனலீத்தோவுக்குள் இருக்கு. இரண்டையும் கலந்தால் செம்பு நிறக் குஞ்சு வரும். அதில் பேடுகள் பெரும்பாலும் மலடு, ஆண்கள் இனம்பெருக்கும். அந்த ஆண்களைத் திரும்பத் திரும்பக் கேனரிப் பேடுகளோடு சேர்த்து, சிவப்பு ஜீனை வைத்துக்கொண்டு, மஞ்சளைக் கழித்துவிட்டால் சிவப்புக் கேனரி. ஒரு இனத்தின் ஜீனைத் தெரிந்தே இன்னொரு இனத்துக்குள் கொண்டுபோகிற வேலையை, டி.என்.ஏ.யின் வடிவம் தெரிய வருவதற்கு இருபத்தைந்து வருசம் முன்பே அவர் கையில் எடுத்தார்.

ஆனால் சிவப்பு வரவில்லை. செம்மஞ்சள் வந்தது, செம்பு வந்தது, அதற்கு மேல் நகரவில்லை.

பகலில் இரண்டு இனத்தைக் கலந்துகொண்டிருந்த இந்த மனிசன்தான் மேடையில் 'இனச் சுகாதாரம்' பேசினார். இனக்கலப்பு ஆபத்து என்று சொன்ன இயக்கத்துக்குப் பிரெமனில் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். நாசிகளின் பக்கம் நின்றார். அவரை வெறும் முரண்பாட்டு ஆளாகப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக எங்களால் முடியவில்லை. குருவிக்கூட்டில் அவர் கண்டது ஒன்றைத்தான்: சோடியைச் சரியாகத் தெரிந்தால் எதையும் பெறலாம். அங்கே எந்தக் குருவி எதோடு சேரும், எது விற்கப்படும் என்று தீர்மானிப்பவர் அவர். அந்த அதிகாரம் ஊருக்கும் வேண்டும் என்று நினைக்கத் தொடங்கினால் மிச்சம் தானாக வரும். 'இரத்தத்தில ஊறினது' என்று எங்கட வீடுகளில் கதைக்கிறதையும், பத்திரிகையின் மணமக்கள் தேவைப் பக்கத்தையும் வாசிக்கும்போது டுங்கர் அவ்வளவு தூரத்து ஆளாகத் தெரிவதில்லை.

சரி, சிவப்பு ஏன் வரவில்லை? பதில் ஐம்பது வருசம் முன்பே இங்கிலாந்தில் கிடந்தது. 1870களில் அங்கே கண்காட்சிகளில் சில கேனரிகள் திடீரென்று ஆழ்ந்த செம்மஞ்சளில் வந்து பரிசுகளை அள்ளின. சாயம் பூசியிருக்கினம் என்று சண்டை பிடித்தார்கள். கடைசியில் விசயம் மிளகாய்த்தூள். இறகு முளைக்கிற காலத்தில் தீனியோடு சிவப்பு மிளகாயைக் கலந்து கொடுத்திருக்கிறார்கள். குருவிகளால் மஞ்சளையோ சிவப்பையோ தாங்களாக உண்டாக்க முடியாது. கரோட்டினொயிட் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். இறகு முளைக்கும்போது இரத்தத்தில் என்ன ஓடுகிறதோ அதுதான் இறகில் படியும். முளைத்து முடிந்த இறகுக்கு எதைக் கொடுத்தும் பிரயோசனமில்லை.

டுங்கரின் கணக்கில் தீனிக்கு இடம் இருக்கவில்லை. அவருக்குப் பிறகு வந்த பிரித்தானிய, அமெரிக்க வளர்ப்பாளர்கள் கார்தெனலீத்தோவின் வழிவந்த அதே கலப்புக் குருவிகளுக்குக் கரட் மாதிரியான தீனிகளைக் கொடுத்து, பிறகு கன்தசன்தின் என்ற நிறமியையும் கொடுத்து, சிவப்பை எடுத்தார்கள். இன்றைக்கும் சிவப்புக் கேனரிக்கு வெறும் தானியம் மட்டும் போட்டால் அடுத்த இறகு மாற்றத்தில் வெளிறிப்போகும்.

இதை வைத்து எல்லாம் சாப்பாடுதான் என்று சொன்னால் அதுவும் பிழை. தீனியில் வருகிற மஞ்சளை உடம்புக்குள் சிவப்பாக மாற்ற ஒரு நொதியம் வேண்டும். 2016இல் போர்த்துக்கல், அமெரிக்க ஆய்வாளர்கள் அதற்கான ஜீனைக் கண்டார்கள். பெயர் சிவைபி2ஜே19. சிவப்புக் கேனரியின் உடம்பில் அந்தத் துண்டு கார்தெனலீத்தோவிலிருந்து வந்தது என்பதும் தெளிவானது. அதே சமயம் பிரித்தானியாவிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு, செல்லப்பிராணிக் கடைகளில் நாங்கள் காணுகிற சீப்ரா பிஞ்சில் சிவப்புச் சொண்டுக்குப் பதிலாக மஞ்சள் சொண்டு வருவதற்கும் அந்த ஜீன் இருக்கிற இடம்தான் காரணம் என்று காட்டியது. ஜீன் பற்றி டுங்கர் நினைத்தது பாதி சரி. மிச்சப் பாதி தீனிச் சாடிக்குள் கிடந்தது.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் விலை கொடுத்தது கார்தெனலீத்தோ. ஒவ்வொரு வளர்ப்பாளருக்கும் காட்டுச் சேவல் தேவைப்பட்டது, அதனால் வெனிசுவெலாவில் பசை தடவியும் பொறி வைத்தும் பிடித்தார்கள். 1940களிலேயே அங்கே சட்டப் பாதுகாப்பு வந்தும் கடத்தல் நிற்கவில்லை. இப்போது அது அருகிவரும் இனம். 2000ஆம் ஆண்டில் தெற்குக் கயானாவின் ருபுனுனி புல்வெளியில் ஆரும் எதிர்பாராத ஒரு கூட்டத்தைக் கண்டார்கள். உள்ளூர் ஆக்களே ஒரு பாதுகாப்புச் சங்கம் வைத்து அதைக் கவனிக்கிறார்கள்.

அந்த 100 பொலிவார் நோட்டை 2016 டிசம்பரில் வெனிசுவெலா அரசு செல்லாது என்று அறிவித்தது. பணவீக்கத்தில் அதற்கு ஒன்றும் வாங்க முடியாமல் போயிருந்தது.