யாழ்ப்பாணம் பொது நூலகம்: அன்றும் இன்றும்

ஒரு நூலகம் எரிந்துபோனால் அதை மீண்டும் கட்ட முடியுமா? முடியும் என்றும் சொல்லலாம், முடியாது என்றும் சொல்லலாம். யாழ்ப்பாணம் பொது நூலகத்தின் கதை இரண்டுக்குமே சாட்சி.

இந்த நூலகம் ஒரு வீட்டில்தான் தொடங்கியது. 1933-ல் க.மு.செல்லப்பா என்பவர் தன் வீட்டிலிருந்தே மற்றவர்களுக்குப் புத்தகங்களை இரவல் கொடுக்க ஆரம்பித்தார். ஊர்ப் பெரியவர்கள் கைகொடுக்க, 1934-ல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகம் திறக்கப்பட்டது. அப்போது இருந்தவை 844 நூல்கள்.

இடம் போதாமல் போகவே பெரிய கட்டடம் வேண்டும் என்று மக்கள் விரும்பினார்கள். லோங் அடிகளார் போன்றோர் முன்னின்று உழைத்தனர். இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடக் கலைப் பாணியில் வரைபடம் தந்தார். குவிமாடத்துடன் கூடிய அந்த வெள்ளைக் கட்டடத்தை 1959 அக்டோபர் 11 அன்று யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார்.

1981 ஜூன் 4-ல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடக்க இருந்தது. அதற்கு முன், மே 31-ல் தொடங்கிய வன்முறையில் நூலகம் தீக்கிரையானது. தேர்தல் பாதுகாப்புக்கு என்று வந்திருந்த போலீசாரே தீ வைத்ததாகப் பலர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் உயிர் நீத்தார். 2016-ல் இலங்கைப் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க இதற்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

போர்க்காலத்தில் கட்டடம் மேலும் சிதைந்தது. 1998-க்குப் பிறகு அதைப் புதுப்பிக்கும் வேலை நடந்தபோது, எரிந்த சுவர்களை நினைவுச் சின்னமாக அப்படியே விட்டுவிட வேண்டும் என்றும் சிலர் வாதிட்டனர். ஆனால் கட்டடம் பழைய வடிவிலேயே எழுந்து, 2000-களின் தொடக்கத்தில் வாசகர்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அங்கே மாணவர்கள் அமர்ந்து படிக்கிறார்கள்.

சுவரைத் திரும்பக் கட்டிவிடலாம். அச்சுப் புத்தகத்தையும் வேறு ஊரில் தேடி வாங்கிவிடலாம். வேறெங்கும் படி எடுக்கப்படாத சுவடி எரிந்தால் என்ன செய்வது? தென்காசி அருகே மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தது. அதனால் ஓர் இடத்தில் அழிந்தாலும் வேறு நூறு இடங்களில் இருக்கும். யாழ்ப்பாணத்தில் எரிந்த பல சுவடிகளுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

இந்தப் பாடத்தைச் சிலர் கற்றுக்கொண்டார்கள். 2005-ல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத் திட்டம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்து யாரும் இலவசமாகப் படிக்க வழி செய்துள்ளது. இது எரிந்ததைத் திருப்பித் தராது. ஆனால் இனி ஒரு தீக்குச்சியால் எல்லாவற்றையும் அழித்துவிட முடியாது. தமிழ்நாட்டில் பழைய வீடுகளின் பரண்களில் கிடக்கும் ஏடுகளையும் யாராவது இப்படிப் படி எடுத்தால்தான் அவை பிழைக்கும்.